ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

தேத்தண்ணித் தட்டு போனபடியே திரும்பி வந்தது. பதினாறு கோப்பையில் இரண்டுதான் வெறுமை. அந்த இரண்டையும் குடித்தவர்கள் காலையில் தகரக் கொட்டில் போட வந்த ஆட்கள். செத்தவருக்கு என்ன வருத்தம் என்று விசாரித்துக்கொண்டு வந்தவர்கள் அல்ல.

“எல்லாரும் இப்பதானாம் குடிச்சிட்டு வந்த,” என்றாள் கிருசிகா, தட்டைக் குசினி மேசையில் வைத்தபடி. “வல்லிபுரம் மாமாக்கு மட்டும் வயித்துக்குள்ள சரியில்லையாம்.”

“அந்தாளுக்கு வயிறு சரியில்லாமப் போன நாளும் இரிக்கா?” என்றாள் அவளுடைய தாய் சிவமணி. ஆறிப்போன தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். “கடைக்கு ஆள விட்டு கடதாசிக் கோப்பை நூறு எடுப்பி, புள்ள.”

கடதாசிக் கோப்பை வந்தது. அதே கேத்தல், அதே தேத்தண்ணி. கால் மணித்தியாலத்தில் தட்டு இரண்டு முறை காலியானது. வல்லிபுரம் மாமா மட்டும் இரண்டு கோப்பை குடித்தார்.

முன் அறையில் பெட்டிக்குள் கிடந்தவன் சிவமணியின் நேர் இளைய தம்பி சிவபாதம். நாற்பத்தாறு வயது. வெட்டுமெசின் ஓட்டுகிறவன், வெள்ளாமை வெட்டுக் காலத்தில் ஒரு வயல் வட்டையிலிருந்து அடுத்த வட்டைக்கென்று, முகம் முழுக்க வைக்கோல் தூசியோடு திரிவான். ஐந்து மாதத்துக்கு முன்னர் கண் மஞ்சளாகியது. செங்கமாரி என்று பரியாரியிடம் போய் இரண்டு மாதம் கீழ்காய்நெல்லி அரைத்துக் குடித்தான். வயிறு ஊதிய பிறகுதான் பெரியாஸ்பத்திரி. ஹெப்படைட்டிஸ் பி என்ற கிருமி வருசக்கணக்காக உள்ளே இருந்து ஈரலைக் கெடுத்துவிட்டது, இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்றார்கள். மனைவி கலாஜினிக்கும் மகள் தனுஷியாவுக்கும் ரத்தம் பார்த்தார்கள். இல்லை. பிள்ளைக்குக் குழந்தையிலேயே அந்த ஊசி போடப்பட்டிருந்தது. நேற்றுப் பகல் வார்டில் மூச்சு நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து முதல் தடவை வீட்டுக்கு அனுப்பிய அன்றே சிவமணி அவனுக்கென்று ஒரு பீங்கானையும் ஒரு தம்ளரையும் வேறாக்கினாள். “சின்னப் பிள்ளை இரிக்கிற வீடு,” என்றாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சிவபாதமும் பேசவில்லை. அன்றிலிருந்து அந்த நீல விளிம்புப் பீங்கானில் சாப்பிட்டுவிட்டுத் தானே கழுவி, கிணற்றுக் கட்டில் தனியே கவிழ்த்து வைத்தான். ஊதின வயிற்றோடு குனிய முடியாமல் குந்தியிருந்து கழுவுவான்.

போன மாதம் வார்டு டொக்டர் சிவமணியைக் கூப்பிட்டு, ஒரே தாயின் பிள்ளைகள் எல்லாரும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். மகளின் சம்பந்தத்துக்குச் சாறி பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவள் தனியே பஸ் ஏறினாள். சாறியும் வாங்கினாள். முடிவு ‘இருக்கிறது’ என்று வந்தது. கிளினிக்கில் அம்னா என்ற தாதி கதவைச் சாத்திவிட்டுக் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

“நான் குடிக்கிறல்லியே மகள். எனக்கு எப்பிடி ஈரல்ல வருத்தம் வாற?”

“குடிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உங்கட உம்மா என்னத்தில மௌத்தான?”

“செங்கமாரி. வயிறு ஊதி. தொண்ணூத்திரண்டில.”

“அப்ப அவவிட்ட இருந்துதான் வந்திருக்கும். பிறக்கக்குள்ள ரத்தத்தால வாற. உங்கட ஈரல் இப்ப நல்லாத்தான் இரிக்கி. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துக்கொண்டாச் சரி. தேவைப்பட்டா குடிக்கக் குளிசை இரிக்கி.”

“பீங்கான் கோப்பையால...?”

“வராது. பக்கத்தில இருந்து தின்னலாம், ஒரே பாயில படுக்கலாம், பிள்ளையக் கொஞ்சலாம். ரத்தத்தாலயும், புருசன் பெஞ்சாதிக்குள்ளயும்தான். சவர அலகு, பல்லுத் தீட்டுற பிரஷ், அதுகள மட்டும் வேறாக்குங்க.” அம்னா பேனையை எடுத்தாள். “உங்களுக்கு எத்தின பிள்ளை?”

“ஒண்டு. பொம்பிளப் பிள்ளை. இருபத்தஞ்சு.”

“அந்த வயசுக்காரருக்குக் குழந்தையில இந்த ஊசி இல்ல. கட்டாயம் கூட்டிட்டு வாங்க. கலியாணத்துக்கு முன்னம் எண்டா இன்னும் நல்லம். கிருமி இல்லாட்டி ஊசியப் போடலாம், இரிந்தாலும் முதலே தெரிஞ்சா நல்லம்தானே?”

“கூட்டிட்டு வாறன்,” என்றாள் சிவமணி. கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆவணியில் கலியாண எழுத்து வைக்கப் பேசியிருந்தார்கள். பீங்கானால் வராது என்று தம்பியிடம் சொல்லவுமில்லை. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அவன் கடைசிவரை கிணற்றுக் கட்டில் குந்திக்கொண்டிருந்தான்.

குசினி யன்னலுக்கு வெளியே கொட்டிலில் கதை நடந்தது.

“ஈரல் கருகிப் போச்சாம். சும்மா கருகுமா?” வல்லிபுரம் மாமாவின் குரல்.

“அவன் எங்க குடிச்ச?” என்றான் ரதீஸ். சிவபாதத்தோடு பதினொரு வருசம் ஒரே மெசினில் வேலை செய்தவன். “வெட்டு முடிஞ்சு நாங்க போத்தல் உடைச்சா, அவன் சோடா வாங்கிட்டு வந்து எங்கள வீட்ட கொண்டு சேர்க்கிறவன்.”

“உனக்குத் தெரியாமக் குடிச்சிருப்பான்.”

“எனக்குத் தெரியாம அவன் தும்மினதும் இல்ல, மாமா.”

பன்னிரண்டு மணிபோல மண்டூரிலிருந்து நிலோஜனின் தாய் வந்தாள். கிருசிகாவுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையின் தாய். வாகனங்களும் ஆட்களும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் வந்து இறங்கி, வெயிலுக்குள் குடை பிடித்து நடந்து வந்திருந்தாள். பெட்டியடியில் நின்று கண்ணைத் துடைத்தாள். கலாஜினியின் தோளைத் தொட்டாள். பிறகு சிவமணியைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனாள்.

“தங்கச்சி, குறை நினைக்காதீங்க. இந்த நேரத்தில கேக்கிற கதையில்ல. ஆனா வீட்டில என்னைக் கேப்பாங்க. தம்பி குடிக்கிறவரா?”

சிவமணி பெட்டியின் பக்கம் பார்த்தாள்.

“குடிச்சுப் போனா அது அந்தாளோட போச்சு. எங்கட வீட்டு ஆம்பிளையள் மட்டும் குடிக்காமலா? ஒட்டுற வருத்தம், பரம்பரை வருத்தம் எண்டாத்தான் எங்கட ஆக்கள் பயப்பிடுவாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களெண்டா, நான் அங்கால போய் எல்லார்ட வாயையும் மூடிப் போடுவன்.”

கிருசிகா தலைமாட்டில் குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். திரி சாயாமல் ஒரு விரலால் பிடித்திருந்தாள்.

“ஓம்,” என்றாள் சிவமணி. “கொஞ்சம் குடிக்கிறவன்தான்.”

மண்டூர்க்காரி பெருமூச்சு விட்டாள். சுவரடியில் இருந்த கலாஜினி தலையை நிமிர்த்தினாள். அவளுடைய மடியில் கிடந்த தனுஷியாவும் பார்த்தாள். பிறகு கலாஜினி பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வார்த்தை பெண்கள் இருந்த அறையிலிருந்து குசினிக்குப் போய், குசினியிலிருந்து கொட்டிலுக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் எடுக்கவில்லை. கூடப் பிறந்த அக்காவே சொன்ன பிறகு யார் மறுப்பது? வல்லிபுரம் மாமா வெற்றிலையை மென்றபடி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ரதீஸ் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான்.

“எனக்கிட்டயே மறைச்சிட்டானே,” என்றான். “தனிய இருந்து குடிச்சிருக்கான் பாருங்க. கேட்டா நான் துணைக்கு இரிந்திருப்பனே!” அழுதான். பிறகு எழும்பி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போனான்.

மூன்று மணிக்குத் தூக்குவதாக இருந்தது. கொழும்பிலிருந்து கடைசித் தம்பி திவாகரன் வந்து சேர்ந்ததும் கிரியைகள் தொடங்கின. வாய்க்கரிசி போட்டார்கள். மூடி போடுவதற்கு முன் செத்தவர் விரும்பின சாமான்களைப் பெட்டிக்குள் வைப்பது அவர்களுடைய வழக்கம். கலாஜினி அவன் மெசினில் ஏறும்போது தலையில் கட்டுகிற துவாயை மடித்து வைத்தாள். தனுஷியா இரண்டு தோடம்பழ இனிப்பு வைத்தாள். கடைசியாக ரதீஸ் வந்தான். சாரத்து மடிப்பிலிருந்து ஒரு கால் போத்தல் சாராயத்தை எடுத்து, சிவபாதத்தின் வலது கையோடு அணைத்து வைத்தான்.

“கோவிக்காத மச்சான். தெரிஞ்சிருந்தா உயிரோட இரிக்கக்குள்ளயே தந்திருப்பன்.”

பின்னால் யாரோ விம்மினார்கள். யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

“விடுங்க, விடுங்க,” என்றார் வல்லிபுரம் மாமா. “ஆசைப்பட்ட சாமான்தானே. கொண்டு போகட்டும்.”

கலாஜினி கத்துவாள் என்று சிவமணி நினைத்தாள். அவள் கத்தவில்லை. மச்சாளின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். மூடியைத் தூக்கி இரண்டு பேர் தயாராக நின்றார்கள். மண்டூர்க்காரி வாசற்படியில் குடையை ஊன்றி நின்றாள்.

சிவமணி பெட்டிக்குள் கையை விட்டாள். போத்தலை எடுக்கும்போது தம்பியின் விரல்கள் அவள் கையில் பட்டன.

“இதைக் கொண்டு போ, ரதீஸ். அவன் குடிக்கிறல்ல.”

“அக்கா... நீங்கதானே சொன்ன எண்டு...”

“நான் பொய் சொன்ன.”

மேளம் கொட்டிலடியில் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ கையைக் காட்ட அது நின்றது. சிவமணி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இது எங்கட அம்மாக்கு இரிந்த வருத்தம். எங்களப் பெறக்குள்ள எங்களுக்கு வந்த. அவ குடிச்சா செத்த? இவனும் குடிக்கல்ல. எனக்கும் இரிக்கு. போன மாசம் ரத்தம் பாத்த. டொக்டர் சொல்லித்தான் பாத்த. திவா, நீயும் பாக்கணும். ஊசி இரிக்கு, குளிசை இரிக்கு. இவன் தெரியாம இரிந்து கெட்டுப்போனவன்.”

கலாஜினி தனுஷியாவைத் தன்னோடு இழுத்துக்கொண்டாள்.

“கோப்பையால வராது. பீங்கானால வராது. நான்தான் அவனுக்குப் பீங்கானை வேறாக்கின. அது செய்யக்கூடாத வேலை.”

வாசற்படிப் பக்கம் அவள் பார்க்கவில்லை. மகள் எங்கே நிற்கிறாள் என்றும் பார்க்கவில்லை.

“நேரம் போகுது,” என்றார் வல்லிபுரம் மாமா.

திவாகரன் கிட்ட வந்தான். “எனக்குமாக்கா?”

“ஓம் தம்பி.”

அவன் கடைக்குப் போய் ஏதோ வாங்கி வரச் சொன்னதைக் கேட்டவன்போலத் தலையாட்டிவிட்டு, பெட்டியின் முன்பக்கத்துக்குப் போய்க் கை கொடுத்தான். மேளம் மறுபடி தொடங்கியது. ரதீஸ் போத்தலை வேலிக் கரையில் உடைத்துவிட்டு ஓடிவந்து, ஒரு மூலையில் தோளைக் கொடுத்தான்.

பெண்கள் ஒழுங்கை முடக்கு வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வீட்டைக் கழுவி விட்டார்கள். கிணற்றடியில் ஒவ்வொருவராகத் தலையில் வார்த்தார்கள். சிவமணியின் முறை வந்தபோது பக்கத்தில் கலாஜினி மட்டும்தான் நின்றாள். வாளியை இழுத்து மச்சாளின் தலையில் ஊற்றினாள். இரண்டாவது வாளியும் ஊற்றிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அவருக்குத் தெரியும், மச்சாள்.”

“என்ன?”

“பீங்கானால வராதெண்டு. டொக்டர் முதல் நாளே எங்களுக்குச் சொன்ன. நான் உங்களோட கதைக்க வெளிக்கிட்டன். விடு, அக்கா பயந்து போயிருக்கா, அவ பயம் தெளியட்டும் எண்டார்.”

சிவமணி கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். கலாஜினி மூன்றாவது வாளியை ஊற்றினாள். பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வேலிக்கு அப்பால் வாவி வெயிலில் தகரம்போலக் கிடந்தது. மிதவைப் பாதை நடுவில் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு குடை விரிந்திருந்தது. குடைக்குக் கீழே நிற்கிறவளின் முகம் இந்தக் கரையைப் பார்க்கிறதா, அந்தக் கரையைப் பார்க்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை.

“அவ என்ன சொன்ன?” என்று கேட்டாள் சிவமணி. கிருசிகா பின்னால் வந்து நிற்பது காலடிச் சத்தத்தில் தெரிந்தது.

“ஒண்டும் சொல்லல்ல. போயிட்டு வாறன் எண்டா.”

“உனக்கிட்டயா சொன்ன?”

“ஓம். எனக்கிட்டதான்.”

கிருசிகா கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தாள்.

“எனக்கும் பாக்கணும், என்னம்மா?”

“ஓம்.”

“எப்ப?”

“எட்டாம் நாள் சிலவு முடியட்டும். செத்த வீட்டுத் துடக்கோட வாசல் தாண்ட ஒண்ணா.”

“ஆஸ்பத்திரிக்கு என்ன துடக்கு?” என்றாள் கிருசிகா. “நாளைக்கு முதல் பஸ்ஸில போவம். திவா மாமாவையும் கூட்டிட்டுப் போவம், அவர் கொழும்புக்குத் திரும்ப முன்னம்.”

அவள் கொடியில் கிடந்த துவாயை இழுத்தெடுத்து, தாயின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். சிவமணி தலையைக் குனிந்து கொடுத்தாள். காதுக்குப் பின்னால், ஈரம் தங்கியிருந்த இடத்தில், கிருசிகா இரண்டு தரம் துடைத்தாள்.