இடது கையால் எழுதிய வீட்டுப்பாடம்

மாலை ஐந்தரை மணிக்கு அம்சா, நெசவு நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றும் மெஷினை நிறுத்தினாள். விசைத்தறி ஓட்டும் கணவன் நாகராஜனுக்கு மறுநாள் காலைக்குள் இரண்டு கூடைத் தார் சுற்றிவைக்க வேண்டும். நடுவில் மகள் துர்காவின் வீட்டுப்பாடம். மூன்றாம் வகுப்பு படிக்கும் அவள் பென்சிலைப் பிடித்தால் ஒரு வரிக்கே கால் மணி நேரம் ஆகும்.

"குட்றீ இப்படி. நீ எழுதறதுக்குள்ள விடிஞ்சிடும்," என்று நோட்டை வாங்கிய அம்சா, பென்சிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். அப்போதுதான் எழுத்து கோணலாக, குழந்தை எழுதியது போல வரும். துர்கா செல்போனோடு சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

ஒன்றாம் வகுப்பில் ஏதோ ஒருநாள் அவசரத்துக்குத் தொடங்கிய பழக்கம். அது இரண்டு வருடமாக நிற்கவில்லை. டீச்சர்கள் நோட்டைப் பார்த்து 'நன்று' போட்டார்கள். மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று திருத்தணியில் தெரிந்தவர்களிடமெல்லாம் நாகராஜன் பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

அந்த வருடம் புதிதாக வந்த தேவயானி டீச்சர், பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பிப் படிக்கச் சொன்னார். துர்கா புத்தகத்தைப் பிடித்தபடி நின்றாள். முதல் வரியில் நான்கே சொற்கள். ஒன்றைக்கூட எழுத்துக்கூட்ட முடியவில்லை. யாரோ சிரிக்க, வகுப்பே சிரித்தது. நின்ற இடத்திலேயே அவள் பாவாடை நனைந்துபோயிற்று.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் வயிற்றுவலி, வாந்தி. வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பத்தே நாளில் குழந்தையின் கன்னம் ஒட்டிவிட்டது. பொறுமையிழந்த நாகராஜன் ஒருநாள் அடித்து இழுத்துப்போனான். பள்ளி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு துர்கா அலறினாள்.

தேவயானி டீச்சர் அம்சாவை வரவழைத்தார். துர்காவின் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, "உங்கம்மா பேரை எழுது கண்ணு," என்றார்.

துர்கா 'அ' எழுதினாள். அடுத்த எழுத்து வரவில்லை. அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் வீட்டுப்பாட நோட்டை அம்சாவிடம் நீட்டினார். "இது யாரு எழுத்துங்க?"

"என்துதாங்க," என்றாள் அம்சா, தலையைக் குனிந்தபடி. "கையில வேலை இருந்துச்சி. அது எழுதினா நேரமாவுதுன்னு…"

"எம்மா," என்றாள் துர்கா. குரலில் கோபமே இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "இஸ்கூலுக்கும் நீயே போய்டும்மா."

அதன்பின் துர்கா தினமும் ஒரு மணி நேரம் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார வேண்டியிருந்தது. தன்னைவிடச் சின்னவர்கள் கடகடவென்று படிப்பதைக் கேட்டு அவள் இன்னும் குன்றிப்போனாள்.

வீட்டில் அம்சா மாலை ஆறு மணிக்கு மெஷினை நிறுத்தி, செல்போனை அலமாரியில் வைத்துப் பூட்டி, துர்காவின் பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள். முதல் நாள் அரை மணி நேரத்தில் இரண்டே வரி. அழித்து அழித்துத் தாள் கிழிந்தது. துர்கா அழுதாள். அம்சா பென்சிலைத் தொடவில்லை.

தறியிலிருந்து வந்த நாகராஜன் கூடையைப் பார்த்தான். "ஒரு கூடைதான் இருக்குது. கொழந்த வேற அழுதுகினு கீது. நீயே எழுதிக் குட்த்தா என்னா?"

"எழுதிக் குட்த்துதான் ரெண்டு வருசத்தப் பாழாக்கினேன்," என்றாள் அம்சா. "கொழந்தைக்கு பதிலா நாம எழுதினா நோட்டுதான் பாஸாவும், கொழந்த தோத்துப்புடும். நேரமானாலும், தப்பா இருந்தாலும் அவதான் எழுதணும். தெனம் ஒரே நேரத்துல பக்கத்துல உக்காரணும், அதுதான் நம்ம வேல. அடிக்கவும் கூடாது, அவ வேலைய நாம செய்யவும் கூடாது. இத மொதல்லியே செஞ்சிருந்தா எம்பொண்ணு இன்னிக்கு நாலு பேரு முன்னால கூனிக்குறுகி நின்னிருக்க மாட்டா."