நடுத்தூண் இல்லாத அபதானா

கல்யாண ஹோலுக்குள் நுழைந்த கோணேஸ்வரியின் கண் முதலில் நடுத்தூணைத் தேடியது. தூணைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் மணவறை போட்டிருந்தார்கள்.

நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் பழைய தளபாடக் கிடங்கொன்றை வாங்கி ஹோலாக்கியவர் ஃபர்ஹாத் என்ற ஈரானியர். தன் நாட்டுப் பழைய மன்னர்களின் சபை மண்டபத்தின் பெயரையே, அபதானா என்று, அதற்கு வைத்திருந்தார். மட்டக்களப்பில் கட்டடப் படவரைஞராக வேலை பார்த்த கோணேஸ்வரிதான் தூண்களை வரைந்து கொடுத்தவள். ஃபர்ஹாத் காட்டிய படங்களில் அவளை அசத்தியது அந்தக் கல்தூண்களின் மெலிவு. மேலே கிடந்தது பாரமில்லாத மரக்கூரை என்பதால் அவை அவ்வளவு உயரமாக, ஒன்றுக்கொன்று எட்ட நிற்க முடிந்ததாம். ஒவ்வொன்றின் உச்சியிலும் முதுகு ஒட்டிய இரண்டு எருதுகள், அவற்றின் மேல் உத்திரம்.

அவளுடைய தூண்களோ ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையும் பிளாஸ்டரும். எதையும் தாங்கமாட்டா. அதனால் எருதின் கொம்புக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தாள். கூரையின் பாரம் நடுவில் நின்ற இரும்புக் கம்பத்தில்தான் இருந்தது. அதை மறைத்து நின்றதுதான் அந்த நடுத்தூண்.

வெளியே முந்தின நாளிலிருந்து ஈரப் பனி கொட்டிக் கூரையில் குவிந்துகொண்டிருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். மணவறைக்குப் பக்கத்துத் தூணில் கொம்புக்கும் கூரைக்கும் இடையில் ஒரு விரல்கூட இல்லை. கீழே கதிரையில் இருந்த ஒரு அன்ரியின் பட்டுச்சேலையில் வெள்ளைத் தூள் உதிர்ந்திருந்தது. அவர் அதைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தவருடன் கதையைத் தொடர்ந்தார்.

கூரை இறங்குகிறது என்று கோணேஸ்வரி கணவன் கனகசிங்கத்தின் காதில் சொன்னாள்.

“நல்ல காரியம் நடக்கிற இடத்தில சும்மா இரும்,” என்றான் அவன். “உமக்கு எங்க போனாலும் ஒரு பயம்.”

ஒருவேளை அப்படித்தானோ என்று அவளும் ஒருகணம் நினைத்தாள். தான் அளந்தது பிழையோ? மறுபடி பார்த்தாள். இப்போது கொம்பு கூரைக்குள் புதைந்திருந்தது.

சமையலறைப் பக்கம் ஓடி ஃபர்ஹாத்தைப் பிடித்தாள். மணமக்களை மறைக்கிறது என்று ஆட்கள் முறைப்பட்டதால் போன மாதம்தான் கம்பத்தை எடுத்தாராம். இத்தனை தூண்கள் நிற்கும்போது ஒன்று போனால் என்ன என்று வேலைக்காரர் சொன்னார்களாம். சொல்லும்போதே அவர் முகம் வெளிறிக்கொண்டு வந்தது. தீயணைப்புக்காரருக்குப் போன் எடுக்க ஓடினார்.

பெண்ணின் தகப்பன் குலசிங்கம் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் இவர்களின் அடுத்த வீட்டுக்காரர். முகூர்த்தம் தவறப்போகிறது என்ற பதற்றத்தில் இருந்த அவரைக் கோணேஸ்வரி மறித்தாள்.

“அண்ணை, உந்தத் தூணெல்லாம் வெறும் சோடினை. நான்தான் கீறினனான். இப்ப கூரை அதுகளின்ர தலையில இருக்கு. பிள்ளையளை வெளியால கொண்டு வாங்கோ.”

“தாலி கட்டினாப் பிறகு பாப்பம், பிள்ளை.”

அவள் நேரே போய் மணவறையில் ஏறி மணப்பெண்ணின் கையைப் பிடித்து எழுப்பினாள். சபை திகைத்தது, யாரோ அவளுக்குப் பைத்தியம் என்றார்கள். ஐயர் மேலே ஒருமுறை பார்த்தார், தாலித் தட்டைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வாசலுக்கு நடந்தார். அதன்பிறகுதான் சனம் அசைந்தது.

குளிர்க்கோட்டுகள் தொங்கிய முன்கூடத்தில், சப்பாத்துகளுக்கு நடுவே தாலி கட்டப்பட்டது. உள்ளே ஒரு முறிவுச் சத்தம் கேட்டது. நாதஸ்வரக் கசெற் அதற்கு முன்பே நின்றிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. எருதுத் தலை ஒன்று மணவறைமேல் விழுந்து கிடந்தது. கூரை விழவில்லை.

கூரை விழாததால் பழி அவள்மேல் வந்தது. ஒரு சோடினை உடைந்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று குலசிங்கம் வீட்டார் முகம் கொடுக்கவில்லை. அவளை லிஃப்ற்றில் கண்டால் அடுத்ததுக்குக் காத்து நின்றார்கள். கோணேஸ்வரி நித்திரையில்லாமல் அந்த ஹோலைத் திரும்பத் திரும்ப மனதில் கீறிப் பார்த்தாள்.

தீயணைப்புக்காரர் ஹோலைப் பூட்டியபின் பரிசோதித்த எஞ்சினியர், பெரிய உத்திரம் வளைந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் பனி விழுந்திருந்தால் நின்றிராது என்று சொன்ன செய்தி ஒரு மாதம் கழித்தே வந்தது. அன்று பின்னேரம் குலசிங்கம் பலகாரப் பெட்டியோடு கதவைத் தட்டினார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை.

“மணவறைக்கு நேர மேலதானாம்,” என்றார். பெட்டியை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.