நான்காவது பிளேடு

வலது கை காதுக்கு மேல் எழும்புவதில்லை. சட்டை போட வேண்டுமானால் இடது கையால் வலது கையைப் பிடித்து, கைக்குழந்தைக்குப் போடுகிற மாதிரி உள்ளே திணிக்க வேண்டியிருக்கிறது. படுத்தால் தோளுக்குள் யாரோ திருப்புளியை வைத்து மெதுவாக முறுக்குவது போல இருக்கும். மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்துவிட்டது, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். விசிறி சுற்றுகிற வேலை என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

கிண்டலில்லை. எண்பது வருடம் பழைய சண்டை விமானம் ஒன்றின் மெக்கானிக் நான். யாரோ யாரையோ சுடுவதற்குச் செய்து, சண்டை முடிந்ததும் தூக்கி எறிந்தார்கள். லாரி ஓட்டிப் பணக்காரரான எங்கள் முதலாளி அதை ஓட்டை ஒடிசலாக வாங்கினார். எங்களை ஒன்பது வருடம் அதோடு மல்லுக்கட்ட வைத்துப் பறக்க விட்டார். வருடத்துக்கு ஐந்தாறு கண்காட்சி. வேலிக்கு அந்தப் பக்கம் இருபதாயிரம் பேர் அண்ணாந்து நிற்பார்கள். மேலே எட்டு நிமிடம் ஆட்டம். அந்த எட்டு நிமிடத்துக்காக நாங்கள் இருநூறு மணி நேரம் அதன் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து கிடப்போம்.

அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தது வெல்டர். கெஞ்சாமல் எழுந்திருக்காது, நின்ற இடமெல்லாம் எண்ணெய் ஒழுகும், குறை சொல்லாத நாளே கிடையாது என்பான். அவனுடைய சொந்த மாமியார் ஒரு நாள் வந்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். பெயர் விஷயம் அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

ஓட்டுகிறவன் ஒட்டடைக்குச்சி. ஆறடிக்கு மேல் உயரம், எலும்புக்கு மேல் தோல். அந்தச் சின்னக் கூண்டுக்குள் அவன் காலை மடக்கி இறங்குவது, குடையைப் பைக்குள் செருகுவது போல இருக்கும். ராணுவத்தில் ஓட்டியவன். என்னை சார் என்று கூப்பிடாதே என்று முதல் நாளே சொல்லிவிட்டான். அவனுக்கு நான் அண்ணன்.

இந்த மாதிரி என்ஜினில் ஒன்பது சிலிண்டர்கள், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி வட்டமாக நிற்கும். இரண்டு நாள் சும்மா கிடந்தால் எண்ணெய் கசிந்து அடியில் இருக்கிற மூன்று சிலிண்டர்களில் தேங்கிவிடும். காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் உள்ளே இருக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால்தான் முதலில் விமானத்தின் மூக்கில் இருக்கிற விசிறியைக் கையால் சுற்றுவது. ஒவ்வொரு பிளேடாகப் பிடித்து, கீழே இழுத்து, விட்டு, அடுத்தது. சுற்றிச் சுற்றி வருகிற பிளேடுகளைப் பன்னிரண்டு வரை எண்ண வேண்டும். நடுவில் எங்காவது கல்லாக நின்றால் கையை எடுத்துவிட வேண்டும். மூடியைக் கழற்றி, அடி ப்ளக்குகளைக் கழற்றி, எண்ணெயை வடிக்க வேண்டும். முக்கால் மணி நேரம் போய்விடும்.

செய்யவே கூடாதது ஒன்று இருக்கிறது. நின்ற விசிறியைப் பின்பக்கமாகச் சுற்றுவது. சுற்றினால் உடனே இளகிவிடும், நல்ல பிள்ளை மாதிரி. எண்ணெய் எங்கேயும் போயிருக்காது. சிலிண்டரிலிருந்து காற்றுக் குழாய்க்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். என்ஜின் எழுந்த அடுத்த நொடி அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ராடு கொஞ்சம் வளையும். வளைந்ததும் ஓடும், நன்றாகவே ஓடும். ஒரு நாள், ஒரு மாதம், அதன் இஷ்டம். பிறகு ஒடியும்.

இதை ராணுவத்தில் ஒருவன் செய்து, ஒட்டடைக்குச்சி கண்ணால் பார்த்திருக்கிறான். அதனால்தான் எங்கள் பதிவேட்டில் ஒரு தனிக் கட்டம் போடச் சொன்னான். ‘முன்பக்கமாகச் சுற்றியது, தேங்கிய எண்ணெய் வடித்தது.’ அதில் என் டிக் விழாமல் ஏணியில் கால் வைக்க மாட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சி. அன்று என் பெண்ணைக் கேட்டு வந்தவர்கள், அதாவது பின்னால் எனக்குச் சம்பந்தி ஆனவர்கள், குடும்பத்தோடு வந்திருந்தார்கள். என் மனைவி அவர்களிடம் நான் விமான என்ஜினியர் என்று சொல்லி வைத்திருந்தாள். மெக்கானிக் என்றால் என்ன குறைச்சல் என்று கேட்டதற்கு, உங்கள் நகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றாள். முதலாளி பெரிய மனது பண்ணி அவர்களுக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டுக் கொடுத்தார். முப்பதடி தூரம். நான் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அவர்களுக்குத் தெரியும்.

யாரோ பெரிய மனிதர் சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம், எங்கள் நேரத்தை அரை மணி முன்னால் இழுத்துவிட்டார்கள். வெல்டர் ஏணியைக் கொண்டுவரப் போயிருந்தான். ஒட்டடைக்குச்சி ஓட்டுநர்கள் கூட்டத்தில் இருந்தான். நான் தனியாகச் சுற்ற ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது பிளேடு பாதியில் நின்றது.

முதலாளி போனை மார்பில் அமுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். முக்கால் மணி நேரமா என்று கேட்டார். முகம் தொங்கிப்போயிற்று. பிறகு குரலைத் தாழ்த்தி, “பின்னாடி லேசா ஒரு இழுப்பு இழுத்துப் பாரேன். வெளியில இருந்து பாக்கறவனுக்கு என்ன தெரியப் போவுது?” என்றார்.

அவர் சொன்னார் என்று தப்பித்துக்கொள்ள முடியாது. அவருக்கு லாரி தெரியும், இந்த என்ஜின் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நாற்காலியில் சம்பந்தி கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைக் கழற்றிப் போட்டு, முழங்கை வரை எண்ணெய் வடிய, விமானம் கிளம்பவில்லை என்று கூட்டம் முணுமுணுக்க நான் நிற்பதை அவர் பார்த்திருப்பார். நான் பிளேடைப் பின்னுக்குத் தள்ளினேன். இளகியது. மறுபடி முன்னால் சுற்றி, பன்னிரண்டையும் எண்ணி முடித்தேன். பதிவேட்டில் டிக் போட்டேன். ஒட்டடைக்குச்சி வந்தான், டிக்கைப் பார்த்தான், ஏறினான்.

மாமியார் அன்று ஆடிய ஆட்டத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சம்பந்தி என் கையைக் குலுக்கினார். கல்யாணம் அங்கேயே முடிவான மாதிரிதான்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் என் கையில் இருந்தது. என்ஜினை இறக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். எண்ணெய் வடிகட்டியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தேன், இரும்புத் தூள் ஒன்றும் இல்லை. அதிர்வும் இல்லை. ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கப் போனோம்.

அடுத்த கண்காட்சியில், கூட்டத்துக்கு முன்னால் தாழப் பறந்து மேலே ஏறுகிற இடத்தில் சத்தம் மாறியது. கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வெல்டர் என் முகத்தைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். ஒட்டடைக்குச்சி அதைக் கூட்டத்தின் மேல் போடாமல் வளைத்துக்கொண்டு போய், உழுத வயலில் வயிற்றால் இறக்கினான். வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவனுக்கு முதுகெலும்பு போனது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். ஒடிந்த ராடை ஒரு துணியில் வைத்துக்கொண்டு, எப்போதாவது எண்ணெய் தேங்கி விசிறி நின்றதா, பின்பக்கமாகச் சுற்றினீர்களா என்று சரியான கேள்வியைத்தான் கேட்டார். முதலாளி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றேன். பதிவேட்டை நீட்டினேன். எல்லாக் கட்டத்திலும் என் டிக், வரிசையாக.

அதற்குள் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஒட்டடைக்குச்சி வாக்குமூலம் கொடுத்துவிட்டிருந்தான். கூட்டம் கை தட்டுகிறதே என்று வேகம் கூட்டுகிற லீவரைக் குறித்த கோட்டுக்கு மேல் தள்ளிவிட்டதாக. இரண்டு நொடி தள்ளியிருப்பான். எல்லோரும் தள்ளுவார்கள். நல்ல ராடு அதற்கெல்லாம் ஒடியாது. அறிக்கையில் ஓட்டுநரின் தவறு என்று எழுதினார்கள். ஓட்டும் உரிமத்தை ரத்து செய்தார்கள். இனி அவன் எதை ஓட்டப் போகிறான் என்று வெல்டர் கேட்டான். 

முதலாளி வேறு என்ஜின் வாங்கினார். இரண்டு வருடம் தட்டி, ஒட்டி, மாமியாரை மறுபடி எழுப்பினோம். புது ஓட்டுநர். போன மாதம் முதல் கண்காட்சி. சிறப்பு விருந்தாளியாக ஒட்டடைக்குச்சியைக் கூப்பிட்டிருந்தார் முதலாளி. அவருக்கு அதில் ஒரு நல்ல பெயர்.

அன்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, பேத்தியும் பிறந்துவிட்டாள். இனி யார் என்ன சொன்னாலும் பெண்ணின் வாழ்க்கைக்கு ஒன்றும் ஆகாது. வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனேன்.

அவன் மனைவி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு விமானக் கொட்டகைக்குள் வந்தாள். உட்கார்ந்தும் எங்கள் தோள் உயரம் இருந்தான். வெல்டரிடம், “உன் மாமியார் எப்படி இருக்காங்க? ரெண்டு பேரையும் கேக்கறேன்” என்றான். வெல்டர் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஒட்டடைக்குச்சி என் கையைப் பிடித்தான்.

“அண்ணே, ஒம்பது வருஷ உழைப்பு. ரெண்டு நொடியில நாசம் பண்ணிட்டேன். நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன்.”

 தயார் செய்த வாக்கியம் எங்கேயோ போயிற்று. விடு தம்பி என்றேன். வேறென்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

வெளியே விசிறி சுற்றக் கூப்பிட்டார்கள். தோள் வலியில் உயிர் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது பிளேடு நின்றது. சத்தியமாக அதே நான்காவது.

மூடியைக் கழற்றச் சொன்னேன். முதலாளி ஓடி வந்தார். கூட்டம், நேரம், வானொலிக்காரர்கள் என்று என்னென்னவோ சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. ப்ளக்கைக் கழற்றினோம், கறுப்பு எண்ணெய் ஒரு டம்ளர் அளவுக்கு டப்பாவில் ஒழுகியது. முக்கால் மணி நேரம் இருபதாயிரம் பேர் காத்திருந்தார்கள். வேலிப் பக்கம் சிலர் விசிலடித்தார்கள். ஒட்டடைக்குச்சி நாற்காலியிலிருந்து புது ஓட்டுநரிடம், எல்லாருக்கும் கேட்கும்படி, “பாத்தியா? இவர் டிக் போட்டா கண்ணை மூடிட்டு ஏறு. நான் அப்படித்தான் ஏறினேன்” என்றான்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமானம் மேலே போன பிறகு குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவன் மனைவி வந்தாள். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் மட்டும் பார்க்கவில்லை. தூக்கத்தில் அவன் கை லீவரைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறதாம். கட்டில் கம்பியைப் பிடித்து இழுக்கிறானாம். இரண்டு வருடமாகத் தினமும்.

“அண்ணே, உங்களுக்குத்தான் அந்த என்ஜின் தெரியும். ரெண்டு நொடி தள்ளினதுக்கா ஒடஞ்சுது? நெசமா சொல்லுங்க. அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன், எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்.”

பழைய இரும்பும்மா, எப்படி வேணா ஆகும் என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு, நாற்காலியைத் தள்ளப் போய்விட்டாள். பயந்துவிட்டேன். வேலை போகும் என்ற பயம்கூட அதில் பாதிதான். அவன் என் கையைப் பிடித்தானே, அந்தப் பிடியை விட்டுவிடுவான் என்ற பயம்.

வண்டியில் அவனைத் தூக்கி உட்கார வைக்க நானும் பிடித்தேன். எடையே இல்லை. தோள் வலிக்கிறதா அண்ணே, பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

ஒட்டடைக்குச்சிக்கு நான் ஒரு வாக்கியம் தர வேண்டும்: விசிறியைப் பின்னுக்குச் சுற்றிவிட்டு டிக் போட்டவன் நான், உன் கை எந்தத் தப்பும் செய்யவில்லை. அவன் வீட்டு விலாசம் என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்னும் தரவில்லை.