ஆறாயிரம் வாய்களின் விலாசம்

பல் செட் செய்யும் அந்தக் கூடத்தில் காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு வாய்கள் காணாமல் போயின. ஒரு வாயும் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டியவள் சர்வர் அறையில் உட்கார்ந்திருந்த அண்ணி. அவளோ மவுஸ்மேல் இருந்த தன் ஆள்காட்டி விரலைத் தூக்கி, இது யார் வீட்டு விரல் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே வேலை செய்யும் எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். முறைப்படி பார்த்தால் அவள் அண்ணியானது அங்கே எலக்ட்ரீஷியனாக இருக்கும் கொழுந்தன் ஒருவனுக்குத்தான். அவனுக்குக் குரல் பெரிது, மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

சர்வர் என்பது ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் ஏழு கணினிகள் ஒண்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. ஏழுக்கும் சொந்தமாக உடம்பு கிடையாது, பாவனை உடம்புதான். ஆனாலும் வரவேற்பறையைப் பார்த்துக்கொள்வது ஒன்று, பல் கடையும் இயந்திரங்களை ஓட்டுவது ஒன்று என்று ஆளுக்கொரு வேலை உண்டு. ஏழு குடித்தனத்தின் தட்டுமுட்டுச் சாமானும் பக்கத்திலிருந்த ஒரே சேமிப்பகத்தில் இருந்தது. அங்கே பல் கட்டிக்கொண்ட அத்தனை பேரின் தாடை அளவும் அதற்குள்தான். பழைய மெழுகு அச்சுகளை, இனி எதற்கு இந்தக் குப்பை என்று, போன வருடமே தூக்கிப் போட்டாயிற்று.

மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சேமிப்பகம் வந்து இறங்கியபோது அண்ணிதான் அதற்குப் ‘புதுசு’ என்று பெயர் வைத்தாள். அன்றைக்கு அது புதுசாகத்தான் இருந்தது. இன்று காலை இன்னொன்று வந்து இறங்கியது. அதற்குப் பெயரில்லை; இருபது இலக்கத்தில் ஓர் எண் மட்டும். வந்ததைத் துடைத்துத் தயார்செய்ய உட்கார்ந்தவள், பட்டியலில் ‘புதுசு’ என்று கண்டதைத் தொட்டாள். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எல்லைக் குறிப்பை அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. நிச்சயம்தானா என்று இன்னொரு முறையும் கேட்டது. கட்டின புருஷன்கூட அவளிடம் எதையும் இரண்டு முறை கேட்டதில்லை. அந்த மரியாதைக்காகவே அவள் இரண்டு முறையும் ஆமாம் என்றாள்.

காப்பு நகல் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. தினம் தவறாமல் எடுத்தாள். எங்கே இடம் தாராளமாக இருந்ததோ அங்கே வைத்தாள். ‘புதுசில்’தான் தாராளமாக இருந்தது.

திரையில் ஏழு பச்சை விளக்குகள் அப்படியே எரிவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. வீடு இடியவில்லை, வாசலில் இருந்த கதவு எண்ணைத்தான் பிடுங்கியிருக்கிறோம் என்பது புரிந்தது. உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்கும்வரை ஒன்றும் குடி முழுகிவிடாது. அந்த நினைப்பு முடிவதற்குள் ஏழில் ஒரு விளக்கு அணைந்தது. போன் அடித்தது.

கொழுந்தன்தான். வரவேற்பறைத் திரை கொஞ்சம் ஆடியதாம், அணைத்துப் போட்டானாம், திரும்ப வரவில்லையாம்.

இவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிறந்தபோது இவன் அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகத் தூக்கி முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் அழுதான். அன்றைக்கே அவனுக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை விழுந்துவிட்டது. எது மக்கர் செய்தாலும் அணைத்துப் போடுவான். நடுமாடியில் நின்ற லிஃப்டை, தானே உள்ளே இருந்தபடி அணைத்துப் போட்டிருக்கிறான். தெருவில் இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொள்ள இருந்தபோது தெரு விளக்கை அணைத்துப் போட்டான். வெளிச்சம் வந்ததும் எதற்குச் சண்டை என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது. நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை அவன் வைத்தியம் பலித்ததுதான் வினையாகப் போயிற்று. கணினியை அணைக்கும் பொத்தான் திரையில் எங்கே இருக்கிறது என்று, ஒருநாள் சோம்பலில் அண்ணியே காட்டிக்கொடுத்திருந்தாள்.

“பெட்டியையே ஒரு தடவை அணைச்சுப் போட்டுடலாம் அண்ணி. மேலதான் வந்துட்டிருக்கேன்” என்று போனை வைத்தான்.

மெயின் சுவிட்சு சர்வர் அறைக்கு வெளியே இருந்தது. அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்தாளா, நாற்காலியோடு போனாளா என்பது அவளுக்கே நினைவில்லை. படி ஏறி வந்தவனின் கைக்கும் சுவிட்சுக்கும் நடுவில் போய் நின்றாள்.

“தள்ளுங்க அண்ணி. ரெண்டே நிமிஷம்.”

“தொட்டுப் பாரு. உங்க அண்ணனே வந்தாலும் உன்னைக் காப்பாத்த முடியாது.”

குழம்பில் உப்புக் கூடினால்கூட உப்புமேல் பழி போடுகிற வம்சம் அவளுடையது. தப்பு என்னுடையது என்று அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லாவிட்டால் இவன் நகர மாட்டான்.

“நான்தான் அழிச்சுட்டேன்” என்றாள்.

கொழுந்தன் அவளைப் பார்த்தான், உள்ளே எரிந்த விளக்குகளைப் பார்த்தான். அப்புறம் இதெல்லாம் எப்படி ஓடுகிறது என்று கேட்டான்.

“வீட்டுக்குள்ள இருக்கறவனுக்கு விலாசம் எதுக்கு? வெளிய போனாத்தான் திரும்பி வர வழி தெரியாது. நீ ஒருத்தனை வெளிய அனுப்பிட்டே. மிச்சம் ஆறு பேரு உள்ள இருக்காங்க. இதை அணைச்சா ஆறு பேரும் தெருவுக்கு வந்துடுவாங்க, ஆறாயிரம் பேரும் மறுபடி வந்து வாயைத் திறக்கணும். யாரும் இந்த சுவிட்சைத் தொடக் கூடாது. நீ உட்பட.”

“நானுமா?”

“நீதான் முதல்ல.”

அவன் யோசித்தான். பிறகு முதுகை சுவிட்சுப் பலகைமேல் சாய்த்து, இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றான். கள்வனையே காவலுக்கு வைத்துவிட்டு அண்ணி உள்ளே ஓடினாள்.

அழித்ததைத் திரும்ப எழுத இரண்டே எண்கள் போதும்: சேமிப்பகம் எந்த இடத்தில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது. முடிவு சுலபம், தகவல் பதியும் தட்டின் கடைசி. தொடக்கம்தான் வில்லங்கம். பழைய முறையில் அமைத்திருந்தால் நூற்று இருபத்தெட்டாவது கட்டம். புதிய முறையென்றால் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டாவது. எந்த முறையில் அமைத்தோம் என்பது அவளுக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. மாற்றி எழுதினால் சுவரைக் காட்டி வாசல் என்று சொன்ன கதையாகிவிடும். தட்டையே பச்சையாகப் படித்துப் பார்க்க வேண்டியதுதான். இந்த வகைச் சேமிப்பகம் தன் தொடக்கத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் ஒரு கைநாட்டு வைத்திருக்கும்.

நூற்று இருபத்தெட்டிலிருந்து அளந்து பார்த்தாள். பூஜ்யம். அதற்குப் பக்கத்திலும் பூஜ்யம். பூஜ்யங்கள் திரையில் மழையாகக் கொட்டின.

வெளியே பல் டாக்டரின் குரல் கேட்டது. கூடமே அவருடையது. வரவேற்பறை படுத்துக் கிடக்கிறதே, ஏன் இன்னும் அணைத்துப் போடவில்லை என்று கேட்டார். பதினைந்து வருடமாக அவருக்கு அந்த வைத்தியத்தைப் புகட்டியவனே இப்போது குறுக்கே நின்றான். தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லி அவர் வலப்பக்கம் கையை நீட்டினார். கொழுந்தன் வலப்பக்கம் அகலமானான். இடப்பக்கம் நீட்டினார், இடப்பக்கமும் அகலமானான். பார்த்தவர்கள் அவன் பீரோ அளவுக்கு ஆகிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

“டாக்டர், பதினஞ்சு வருஷமா நான் சொன்னதையெல்லாம் மறந்துடுங்க” என்றான்.

அண்ணி இரண்டாயிரத்து நாற்பத்தெட்டிலிருந்து அளந்தாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பிறகு பூஜ்யம் இல்லாத ஒரு வரி. அந்தக் கைநாட்டேதான், ரேகை பிசகாமல். அவள் இரண்டு எண்ணையும் தட்டினாள், ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உதட்டை அசைத்துப் படித்தாள், மறுபடி படித்தாள், அழுத்தினாள். சேமிப்பகங்களைப் புதிதாகத் தேடச் சொன்னாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அது சுற்றிய நேரத்தில் ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்துக் கரையேற்றியிருக்கலாம் என்று பின்னாளில் அவள் சொல்வதுண்டு. கடிகாரப்படி நாலு விநாடி.

‘புதுசு’ வந்து நின்றது.

ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. எண்ணிக்கையில் ஒரு வாய் குறையவில்லை. வரவேற்பறைக் கணினியை எழுப்பினாள். ஏழாவது விளக்கும் பச்சையானது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அறையை இரண்டு சுற்றுச் சுற்றினாள். எதற்குக் கழற்றினாள் என்று தெரியவில்லை. கதவைத் திறந்து, காலுக்குச் செருப்பில்லாமலேயே டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

“நான்தான் டாக்டர் தப்பா அழிச்சேன். நானே எடுத்துட்டேன். எல்லாம் வந்துடுச்சு.”

ஒரே நாளில் இரண்டாவது தடவை. இந்த முறை அவ்வளவு கசக்கவில்லை.

டாக்டர் கொழுந்தனைக் கீழே போய் வரவேற்பறையைப் பார்க்கச் சொன்னார். அவன் பலகையை விட்டு முதுகை எடுக்கவே மனமில்லாமல் போனான். டாக்டர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். வேலை போயிற்று என்று அண்ணி நினைத்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“என்னோடதும் இருக்கா?”

அண்ணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் வாயைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டு, திரையைப் பார்த்தாள். தேடினாள்.

“இருக்கு டாக்டர். மேல் வரிசை, கீழ் வரிசை, ரெண்டும்.”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னிக்கே வேற பெட்டில ஒரு காப்பி போடுங்க. எல்லாருக்கும் ஒண்ணு” என்றவர், கதவில் கை வைத்தபடி திரும்பினார். “எனக்கு மட்டும் மூணு.”