ஆமெனுக்கு முன்னால் சொன்ன சொல்

பேட்டரிக் கடை ஜெனோ மோட்டார் சைக்கிள் ஓட்டினால் அலுப்பு அவன் மனைவி பெர்சிஸுக்கு வரும். பாளையங்கோட்டையில் இன்று இது நுங்கு விலை தெரிவதுபோல எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவன் திருச்செந்தூர் வரை போய்வந்தால் இவளுக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு. பெங்களூர் வரை போனால் மத்தியானமே கொட்டாவி. அதற்கும் மேலே போனால் நின்ற இடத்தில் தூக்கம். அவனுக்கோ ஒன்றும் இராது. நாள் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையை ஒரு சிலுப்பு சிலுப்பி, அப்போதுதான் ஆற்றில் குளித்துக் கரையேறியவன்போல நின்றுகொண்டு டீ கேட்பான்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவர்கள் கல்யாணம்தான். மாப்பிள்ளை என்றால் கல்யாணத்துக்கு ஒரு வாரமாவது வீட்டில் அடங்கிக் கிடக்க வேண்டாமா? ஜெனோ கோவாவுக்குப் போயிருந்தான். கடைசியாக ஒரு ரைடு என்று தாயார் ஜெபகனியிடம் சொல்லிவிட்டுப் போனவன், திரும்பும் வழியில் மழையில் மாட்டி, இமை மூடாமல் ஓட்டி, மூன்று ஞாயிறு சபையில் கல்யாண ஓலை வாசித்து ஊரறிய நிச்சயித்த கல்யாணத்துக்கு முதல் பாட்டு முடிகிற நேரத்தில்தான் வந்து சேர்ந்தான். கோட்டை மாட்டிப் பீடத்தின் முன் நிறுத்தினார்கள். நின்றான் என்று சொல்ல முடியாது, ஆடினான். உடன்படிக்கையில் ‘இன்பத்திலும்’ என்ற இடத்தில் ஒரு குறட்டை வந்தது. எங்கள் பக்கம் சபை குருவை ஐயர் என்போம். அந்த வேதநாயகம் ஐயர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்துவிட்டு, ‘துன்பத்திலும்’ என்பதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். கடைசியில் அவர் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆசீர்வாதம் கூற ஆரம்பித்தபோது மாப்பிள்ளை முன்பக்கம் சாயத் தொடங்கினான். பெர்சிஸ் முக்காட்டுக்குள்ளிருந்தே அவன் கோட்டைப் பிடித்து இழுத்து, “வண்டியோட்டுத அலுப்பையெல்லாம் எங்கிட்ட தந்துட்டு நீங்க நேரா நில்லுங்க” என்று கிசுகிசுத்தாள். சபை ஆமென் என்றது. ஜெனோ தூண்போல நிமிர்ந்தான். பெர்சிஸுக்கு இரண்டு முழங்காலும் கழன்றுபோயின.

அந்தப் புண்ணியவதி சொன்னது அந்த ஒரு மணி நேரத்துக்கு. ஆனால் ஆசீர்வாதத்துக்கும் ஆமெனுக்கும் நடுவே சொல்லிவிட்டாளே, அது ஆசீர்வாதத்தோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. இதற்குச் சாட்சி உண்டு. கல்யாணத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுச் சங்கரி, அதே நொடியில் தன் தங்கச்சியிடம், “சாம்பார்ல உப்பு போட்டனான்னு தெரியலட்டீ, சரியா இருக்கணுமே” என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து இன்றுவரை சங்கரி வைக்கிற சாம்பாரில் உப்பு கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. போட மறந்தாலும் இருக்கிறது.

முதல் மூன்று வருஷம் இது பெர்சிஸ் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கரும்பலகையில் எழுதிக்கொண்டே நிற்கும்போது விரல்கள் ஹேண்டிலைப் பிடித்த மாதிரி வளைந்துகொள்ளும். சாக்பீஸ் கீழே விழும். தோள் ஒரு பக்கமாக இறுகினால் அவன் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைத் தாண்டுகிறான் என்று அர்த்தம். மணிக்கட்டு வலித்தால் மாஞ்சோலை மலைப்பாதை. காதில் காற்று இரைந்துகொண்டே இருந்தால் நாற்கரச் சாலையில் விரட்டுகிறான். ஆசிரியர் அறையில் யாராவது வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால், “அவிய இப்ப கயத்தாறு தாண்டுதாவ” என்று சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபடியே சொல்வாள். நெட்டில் பார்த்துச் சொல்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டிலோ வேறு கதை. மருமகள் பட்டப்பகலில் தூங்கி விழுந்தால் மாமியாருக்கு என்ன தோன்றும்? ஜெபகனி சந்தோஷத்தில் சாத்துக்குடி வாங்கிவந்தாள், மாங்காய் வாங்கிவந்தாள், ஒருமுறை தொட்டிலுக்கே விலை கேட்டுவிட்டாள். ஒன்றும் இல்லை என்று ஆனதும் ரத்தசோகை என்று முடிவுசெய்து பீட்ரூட்டாகப் போட்டுத் தாக்கினாள். அந்த வீட்டில் ஒரு வருஷம் முழுக்கப் பொரியல் சிவப்பாகவே இருந்தது. கோயிலில் பிரசங்க நேரத்தில் பெர்சிஸ் கண்ணயர்ந்தால் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளுக்குத் துணை நிறையப் பேர் இருந்தார்கள்.

ஜெனோவின் புகழ் வேறு இந்தப் பக்கம் ஏறிக்கொண்டே போனது. பொருநை ரைடர்ஸ் என்று இங்கே ஒரு குழு இருக்கிறது. டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கும் தில்லைநாயகம் அண்ணாச்சிதான் அதற்கு மூத்தவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் வண்டியை நிறுத்தி, தண்ணீர் குடித்து, மரத்தடியில் துண்டை விரித்து முதுகை நிமிர்த்திவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். ஜெனோ அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஹாரன் அடித்துக் கேலி செய்வான். அவர் படுத்தபடியே கையை ஆட்டுவார்.

பெர்சிஸ் ஏன் சொல்லவில்லை என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். சொன்னால் அவன் வண்டியை விற்றுவிடுவான். அவளுக்கு அது நிச்சயமாகத் தெரியும். வண்டியை விற்றுவிட்டுக் கடையில் ஈ ஓட்டுகிற ஜெனோவையா அவள் கட்டிக்கொண்டாள்? இன்னொன்றும் உண்டு, அதை அவள் வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள். மதுரைக்கு வடக்கே அவள் எதையும் பார்த்ததில்லை. அந்த அலுப்பு வரும்போது அவனோடு பின்சீட்டில் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்குமாம். அலுப்பும் ஒரு துணைதான் என்றாள்.

கே.டி.சி. நகர் வழியே போகிற நாற்கரச் சாலை வேறெங்கும் திரும்பாமல் நேரே காஷ்மீர் வரை போகிறது. அந்த ஒரே சாலையில் அந்தக் கோடி வரை போக வேண்டும் என்பது ஜெனோவின் தீராத ஆசை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், முழுப்பரீட்சை சமயத்தில் கிளம்பினான். ஹைதராபாத்தில் நிற்கவில்லை, அடிலாபாத்திலும் நிற்கவில்லை. நாக்பூரில்தான் கால் ஊன்றுவது என்று முறுக்கிக்கொண்டு போனான். அங்கே வெயில் அனலாகக் கொட்டுகிறது. இங்கே பரீட்சை மேற்பார்வை முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த பெர்சிஸ், சமாதானபுரம் திருப்பத்தில், கண் திறந்தபடியே தூங்கிப்போனாள். ஸ்கூட்டர் தன்பாட்டுக்கு நேராகப் போய், பாத்துவின் நுங்கு வண்டியில் மோதியது. “யாரு பெத்த புள்ளையோ, நுங்கு கெடக்கட்டும், புள்ளையத் தூக்குங்க” என்று பாத்து போட்ட சத்தத்தில்தான் ஆட்டோக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

தோள் எலும்பு முறிந்திருந்தது. ஹெல்மெட்டால் தலை தப்பியது. ஆனால் கண் திறக்கவில்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் முழித்துப் பேசினால்தான் நம்ப முடியும், இல்லையென்றால் மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஜெபகனி போனை எடுத்து, “ஏல, பெர்சி கண்ண முழிக்க மாட்டேங்காலே! அந்தச் சவத்து வண்டியத் தூரப் போட்டுட்டு வால!” என்று கதறினாள். ஜெனோ வண்டியை ஓரங்கட்டி, ஒரு வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தலையில் கைவைத்து அவன் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்தில் பெர்சிஸ் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். சேதி வந்ததும் பாய்ந்து ஏறி ஊரைப் பார்த்து விரட்டினான். அவள் மறுபடி தூங்கிவிட்டாள். போன் வந்தது, நிறுத்தினான், முழித்துக்கொண்டாள். மறுபடி விரட்டினான், மறுபடி போன் வந்தது. மூன்றாம் முறை அவள் முழித்தபோது மாமியார் கையிலிருந்து போனைத் தானே வாங்கினாள்.

“இது அடிபட்டதுனால இல்ல. உங்க அலுப்பு. கல்யாணத்தன்னைக்கு நான் வாங்கினது.”

ஜெனோ வண்டிச் சாவியை உருவிப் பைக்குள் போட்டான்.

“நீங்க விழுந்தடிச்சு வந்தா நான் எந்திக்கவே மாட்டேன். பைய வாங்க” என்றாள்.

“வண்டிய இங்கனயே போட்டுட்டு ரயில்ல வாரேன் பெர்சி.”

“வேண்டாம். இத்தன வருசமும் ஓட்டத் தெரியாமத்தான் ஓட்டியிருக்கீங்க. இப்பவாவது கத்துக்கிட்டு வாங்க.” டீச்சர் இல்லையா?

மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். அவன் வாய்விட்டு அழுதான். பிறகு தில்லைநாயகம் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, எப்படி ஓய்வெடுப்பது என்று கேட்டான். “அலுப்பு வந்தப்பொறவு நிறுத்துதவன் கூறுகெட்டவன்லே. வாறதுக்கு முன்ன நிறுத்தணும்” என்றார் அவர். கழுத்தில் ஈரத்துண்டு போடு, தாகம் எடுக்கும் முன்னால் தண்ணீர் குடி, வயிறு முட்டத் தின்னாதே, உச்சிவெயிலில் ஓட்டாதே, ஒரு கால் மணி நேரம் கண்ணை மூடினாலும் லாபம்தான் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் சரி, ஆனால் அலுப்பு வருமா வராதா என்று ஜெனோவுக்கு எப்படித் தெரியும்? அவன் உடம்பு ஒன்றும் சொல்லாதே. அதனால் பெட்ரோல் முள்ளைப் பார்க்கிற மாதிரி பெர்சிஸைக் கேட்டுக் கேட்டு வந்தான். கொட்டாவி வருதா? வரல. இப்போ? கழுத்து லேசாப் பிடிக்கு. உடனே நிறுத்திப் படுத்துவிடுவான். ஆஸ்பத்திரி வார்டு முழுக்க இதே பேச்சாகிவிட்டது. நர்ஸுகள் பணி மாறும்போது மருந்து விவரத்தோடு ஜெனோ எந்த ஊரில் படுத்திருக்கிறான் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊருக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான்.

போன வேகத்துக்கு எத்தனையோ மடங்கு மெதுவாக, நாள் கணக்கில் ஊர்ந்து, அவன் வந்து சேர்ந்தபோது பெர்சிஸ் கையில் தூளிக்கட்டோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் பொட்டு அலுப்பில்லை. ஜெபகனி மகன் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு, பிறகு அதே இடத்தைத் தடவிக்கொடுத்தாள்.

ஜெனோ நேரே வேதநாயகம் ஐயரிடம் போய், அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினான். “ஆசீர்வாதத்தைத் திருப்பி எடுக்க முடியாது, வே. எங்களுக்குக் குடுக்கத்தான் தெரியும், வாங்கத் தெரியாது” என்றார் ஐயர். காணிக்கைப் பையைக் கணக்கில் சேர்க்காமல் சொன்னார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஜெனோ எழுந்து வந்தான். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவில் ஐயர் கைகளை உயர்த்தியபோது, ஆமெனுக்கு ஒரு மூச்சு முன்னால், மனைவி காதில் குனிந்து, “உன் அலுப்பெல்லாம் எனக்கு வரட்டும்” என்றான். பெர்சிஸ் நல்ல கையால் அவன் தொடையில் கிள்ளி, “கோட்டி பிடிச்சிருக்கா?” என்றாள். அதற்குள் சபை ஆமென் சொல்லிவிட்டது.

அவள் சொன்னது வண்டியோட்டுகிற அலுப்பு மட்டும். இந்த மகராசன் எல்லாம் என்றுவிட்டான். கைக்கட்டோடு அவள் ஓய்வில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, விசேஷமான நாளெல்லாம் இல்லை, சாதாரணச் செவ்வாய்க்கிழமை. விடியுமுன் எழுந்து, குடிநீர் பிடித்து, மூன்று பேருக்கும் சோறு பொங்கி, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்து, பள்ளியில் ஆறு வகுப்பு எடுத்து, நோட்டு திருத்தி, வரும் வழியில் மீன் வாங்கி, வந்து ஆய்ந்து குழம்பு வைத்து, பாத்திரம் கழுவப் பெர்சிஸ் எழுந்தபோது, பேட்டரிக் கடையிலிருந்து சும்மா வந்து நாற்காலியில் சாய்ந்திருந்த ஜெனோ தரையில் சரிந்தான். கோவாவிலிருந்து இமை மூடாமல் வந்தவன், ஒரு செவ்வாய்க்கிழமையைத் தாங்க முடியாமல் விழுந்துவிட்டான். “தெனமும் இப்படியா?” என்று படுத்தபடியே கேட்டான். “நாளைக்குத் துணி வேற தொவைக்கணும்” என்றாள் அவள்.

அதன் பிறகு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவன் வண்டி அலுப்பு அவளுக்குப் போகிறது. அவளிடம் போனதும் அது அவள் அலுப்பாகி அவனிடமே திரும்புகிறது. இப்படி இங்கேயும் அங்கேயும் போய்வருவதில் தளும்புகிற குடம்போல வழியில் பாதி சிந்திவிடுகிறது. கங்கைகொண்டான் பக்கம் சிலருக்குக் காரணமில்லாமல் கொட்டாவி வருவது இதனால்தான், வேறு பயமில்லை. ஒருவருக்கு அலுத்தால் இருவரும் ஒரே நேரத்தில் கொட்டாவி விடுகிறார்கள். எங்கள் சபையில் இப்போது ஐயர் கை உயர்ந்தால் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

போன ஏப்ரலில் ஜெனோ மறுபடி காஷ்மீருக்குக் கிளம்பினான். பெர்சிஸ்தான் போகச் சொன்னாள். மரத்தடி மரத்தடியாகப் படுத்துப் படுத்துப் போனான். பானிபட் தாண்டி ஒரு சாயங்காலம், ஓய்வெடுத்துக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பெரிய கொட்டாவி வந்து கண்ணைக் கட்டியது. வண்டியை நிறுத்தி வீட்டுக்குப் போன் போட்டான்.

“பெர்சி, நான் படுத்துத்தான் எந்திச்சேன். இது உன்னுதுதான். என்ன செய்யுத?”

“பாத்திரம் கெடக்கு. தேச்சுப் போட்டுட்டு உக்காருதேன்.”

“இப்ப உக்காரு, தாயி. நான் ரோட்டுல நிக்கேன்.”

அந்த வீட்டில் வாழ வந்ததிலிருந்து பாத்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தவள் இல்லை பெர்சிஸ். கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஜெபகனி எட்டிப் பார்த்து, உள்ளே போய்ச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மீதிப் பாத்திரத்தோடு குழாயடியில் உட்கார்ந்தாள். தெருவில் போன சங்கரி, “என்ன டீச்சர், இந்நேரம் சும்மா உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டாள்.

“அவிய வண்டி ஓட்டுதாவ” என்றாள் பெர்சிஸ்.

சங்கரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் சாம்பாரைப் பார்க்கப் போனாள்.