உதவித்தொகைக்காக வண்ணம் பூசிய வீடு

பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைப் பிரிவிலிருந்து கடிதம் வந்த மாலையில்தான் பெயிண்டர் தம் வீட்டுச் சுவர்களை முதன்முதலாக உற்றுப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊரார் வீடுகளுக்கு வண்ணம் பூசி வருபவர் அவர். எந்தத் தெருவில் எந்தச் சுவர் எந்த மழைக்கு உரியும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆயினும் தாம் குடியிருந்த இரண்டு அறைகளின் சுவர்களை ஏறெடுத்துப் பார்க்க அவருக்கு இதுநாள் வரை நேரம் வாய்க்கவில்லை.

மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் கட்டத்தான் வழியில்லை. மதிப்பெண் அடிப்படையிலான உதவித்தொகை ஐந்து மதிப்பெண்ணில் கைநழுவிப் போயிற்று. வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட ஆள் அகப்படவில்லை. எஞ்சியிருந்தது, குடும்பத்தின் நிலையைப் பார்த்து வழங்கும் உதவித்தொகை ஒன்றே. அதற்கு அனுப்பிய விண்ணப்பத்தைச் சரிபார்க்க வெள்ளிக்கிழமை காலை அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வருவார் என்றது கடிதம். இதுவும் கைகொடுக்காவிட்டால் அவளுடைய இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

"வீட்டுக்கேவா வர்றாங்க?" என்றார் பெயிண்டர்.

"ஆமாப்பா. சும்மா பாத்துட்டுப் போவாங்க."

"இந்தச் சுவத்தப் பாத்தா வாசலோடவே திரும்பிப் போயிடுவாங்கம்மா."

மறுநாள் முதல் மகள் சான்றிதழ் நகல்களுக்காகவும் அவற்றில் ஒப்பம் பெறுவதற்காகவும் காலையில் புறப்பட்டு இருட்டும் வேளையில்தான் வீடு திரும்பினாள். அந்த இரண்டு நாட்களைப் பெயிண்டர் வீணாக்கவில்லை. வேலை முடிந்த வீடுகளில் அடியில் தங்கிய வண்ணத்தை வீசி எறியாமல் டப்பாக்களில் மூடி வைப்பது அவர் வழக்கம். கட்டிலுக்கு அடியிலிருந்து அவை யாவும் வெளியே வந்தன. புதன்கிழமை முழுவதும் சுரண்டித் தேய்த்துப் பூச்சு வைத்தார். வியாழன் காலையில் வண்ணம் பூசும் உருளையைக் கையில் எடுத்தார்.

மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். "உதவி கேக்கற வீடு இப்படியா பளபளன்னு இருக்கும்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் அழுக்குச் சட்டையோட வேலை கேட்டுப் போன எடத்துல ஒருத்தனாவது அட்வான்ஸ் குடுத்திருக்கானா? வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போனாத்தான் பணத்த எடுத்து நீட்டுவான். ஆளப் பாத்து நம்பிக்கை வரணும்டி."

அவர் கூற்றில் அனுபவம் இருந்தது. மனைவி பழைய புடவை ஒன்றைத் தரையில் விரித்துக் கொடுத்தாள். அன்று பிற்பகல் எதிர்வீட்டு டிரைவரின் சோஃபாவும் வந்து சேர்ந்தது. சோஃபாவின் ஒரு முனையைச் சுமந்து வந்த டிரைவர், "பத்திரம் மச்சான். டீ சிந்துச்சு, உன்னையே அதுல போட்டுத் துவைச்சிடுவேன்" என்று எச்சரித்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு வந்து கதவைத் திறந்த மகள் அங்கேயே நின்றுவிட்டாள். கூடம் கடல் நீலத்தில் மின்னிற்று.

"எப்படி இருக்கு?" என்றார் பெயிண்டர். புருவத்தில்கூட வண்ணம் ஒட்டியிருந்தது.

சொல்ல வந்ததை அவள் அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். "நல்லா இருக்குப்பா."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அலுவலர் வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. தோளில் கனத்த பை, நடந்து களைத்த முகம். சோஃபாவில் அமர்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"வீடு அழகா இருக்கே."

"எல்லாம் நம்ம கைவேலைதாம்மா."

"சோஃபா புதுசோ?"

"ஆமாம்மா, போன மாசம்தான்." நா தானாகவே பொய்யை உருட்டிவிட்டது. மனைவி கூரையைப் பார்த்தாள்.

அலுவலர் கோப்பில் ஏதோ எழுதினார். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டினார். "மாத வருமானம்னு போட்டிருக்கற தொகை, நீங்க சொன்னதுதானே?"

"நாந்தாம்மா சொன்னேன்."

விண்ணப்பத்தை நிரப்ப மகள் கேட்டபோது அவர் சொன்னது, வெயில் கொளுத்திய ஒரு மாதத்தில் மூன்று வீடுகளுக்கு ஒருசேர வேலை நடந்தபோது கைக்கு வந்த தொகை. மகள் அதைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருமானத்தையும் நிரப்பியிருந்தாள்.

அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குரலில் கடுமை இல்லை. "தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த வருமானம், இந்த வீடு... இத வெச்சுப் பாத்தா இந்த உதவி கிடைக்கறது கஷ்டம்தான். இதவிட நெருக்கடியில இருக்கற பிள்ளைங்க நிறையப் பேரு வரிசையில நிக்கறாங்க."

கோப்பு மூடப்பட்டது. மகள் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள். அலுவலர் எழுந்து பையைத் தோளில் மாட்டி, வாசலில் செருப்பையும் மாட்டிவிட்டார்.

"அம்மா, ஒரு நிமிஷம். அந்த சோஃபா எங்களுது இல்ல" என்று பெயிண்டர் வாசலுக்கு விரைந்தார்.

அலுவலர் திரும்பினார். "என்ன சொன்னீங்க?"

"எதிர்வீட்டுலருந்து வாங்கிட்டு வந்தது. சுவத்துக்கு நேத்துதான் பெயிண்ட் அடிச்சேன். நீங்க வர்றீங்கன்னு."

அலுவலர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். "பதினெட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். இருக்கறத ஒளிச்சு வைக்கறவங்களத்தான் பாத்திருக்கேன். இல்லாதத கொண்டுவந்து வைக்கறதுல நீங்கதான் முதல் ஆளு. இப்ப சொல்றத மட்டும் நான் எப்படி நம்பறது?"

பெயிண்டர் கூடத்துச் சுவரோரம் நின்ற அலமாரியை இரு கைகளாலும் பற்றி இழுத்தார். மகளும் ஓடிவந்து கைகொடுத்தாள். அதன் பின்னே, ஆள் உயரத்துக்கு ஈரம் ஏறிக் கறுத்து உப்புப் பூத்த பழைய சுவர் அப்படியே நின்றது.

"டப்பாவுல மிச்சம் இருந்தது இவ்வளவு தூரத்துக்குத்தாம்மா வந்துச்சு. இந்த நீலம் பல் டாக்டர் வீட்டோடது. அடுப்பங்கரைப் பச்சை பள்ளிக்கூடத்துது. உள்ரூம்ல ரெண்டு சுவர் ரெண்டு கலரு, வந்து பாருங்க."

இதற்குள் மனைவி எதிர்வீட்டுக்கு ஓடி டிரைவரைக் கையோடு அழைத்து வந்திருந்தாள். அவன் வாசலில் நின்றபடியே சோஃபாவை ஒருமுறை கண்ணால் அளந்தான்.

"என்னுதுதாம்மா. இன்னும் ஏழு தவணை பாக்கி. ரசீது காட்டணுமா? ஏன் மச்சான், போலீசா வந்திருக்கு?"

அலுவலரின் உதட்டோரம் அசைந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் இம்முறை சோஃபாவில் அமரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வருமானத்துக்கு வருவோம். நீங்க சொன்ன தொகை எந்த மாசத்துது?"

"வெயில் மாசம்."

"மழை மாசத்துல?"

பெயிண்டர் மகளைப் பார்த்தார். மழை மாதங்களிலும் அவர் காலையில் உணவுப் பாத்திரத்துடன்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவார். வேலை கிடைத்ததா என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"மழையில சுவர் காயாதும்மா. யாரும் கூப்பிட மாட்டாங்க."

அலுவலர் பையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தார். தினக்கூலியில் பிழைக்கும் குடும்பங்களுக்கு உரியது அது. மாதம் ஒன்றுக்கு ஒரு கட்டமாகப் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. "முதல்லயே இதத்தான் நிரப்பியிருக்கணும். இதுல ரெண்டு வகை இருக்குன்னு யாரும் உங்களுக்குச் சொல்லல போலிருக்கு. அப்பா சொல்லட்டும், நீ எழுதும்மா."

அவர் சொன்னார், மகள் எழுதினாள். வெயில் மாதங்கள் சுலபமாக வந்தன. மழைக்காலம் நெருங்க நெருங்கக் குரல் தணிந்தது.

"அடுத்த மாசம்ப்பா?"

"ஒண்ணுமில்ல."

"அதுக்கு அடுத்தது?"

"அதுவும் ஒண்ணுமில்லம்மா."

நான்கு கட்டங்களில் அவள் சுழியம் இட்டாள். நான்காவதை இடும்போது பேனா ஒரு கணம் தயங்கிற்று. தலையை மட்டும் அவள் நிமிர்த்தவில்லை. பெயிண்டர் கையெழுத்திட்டார். அலமாரிக்குப் பின்னிருந்த சுவரை அலுவலர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

"முடிவு என் கையில இல்ல. பாத்தத எழுதுவேன், அவ்வளவுதான்" என்று கூறி விடைபெற்றார்.

பத்தொன்பது நாட்கள் கழித்துக் கடிதம் வந்தது. மகள் ஒருமுறை மனத்துக்குள் படித்துவிட்டுப் பிறகு வாய்விட்டுச் சொன்னாள்.

"கட்டணம் முழுசும் அவங்களே கட்டிடுவாங்க. ஹாஸ்டல் மட்டும் கிடையாது."

"ஹாஸ்டல் இல்லாட்டி?" என்றாள் தாய்.

"அஞ்சரை மணி பஸ்ல போகணும்மா. ரெண்டு மணி நேரம்."

"நல்லாருக்கு கதை. படிக்கப் போறது இவ, தூக்கம் போறது எனக்கு" என்று சிடுசிடுத்தாள் தாய்; ஆனால் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

பெயிண்டர் கடிதத்தை வாங்கி வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. சம்மதப் படிவத்தில் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். மறுநாளே கடைசி நாள்.

"நாளைக்கு வங்கி மேனேஜர் வீட்டு வேலை இருக்கேப்பா?" என்றாள் மகள்.

"இருக்கட்டும்" என்றார் அவர். "எந்த பஸ்னு சொன்ன? அஞ்சரையா?"