உப்புக் கிடங்கில் ஒரு முழம்

இந்தக் காலத்து ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம். நடக்காதது கண்ணெதிரே நடந்தாலும், இதனால் நமக்கு எவ்வளவு மிச்சம் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அந்தக் காலத்து ஆட்களும் அப்படித்தான் பார்த்தார்கள், கொஞ்சம் வாயைப் பிளந்துவிட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மைசூர் மண்டி மொஹல்லாவில், ராகி ரூபாய்க்குப் பதினெட்டு சேர் விற்ற வருஷம், ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில், உப்புக் கிடங்கில் படுத்திருந்த நாற்பத்தோரு பேரில் நாற்பது பேர் தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி, அங்கேயே தூங்கினார்கள்.

உப்புக் கிடங்கில் அப்போது உப்பு இல்லை. பிளேக் பரவாமலிருக்க சர்க்கார் வீட்டை இடித்ததால் தெருவுக்கு வந்தவர்கள், மழை பொய்த்து ராமாபுரம் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள், ஒண்ட இடமில்லாத சுமைக்காரர்கள் என்று யார் யாரோ அதில் படுத்துக்கொண்டார்கள். உப்பு போய்விட்டாலும் தரை அதை விடவில்லை. முப்பது வருஷம் உப்பு தின்ற மண். வானம் கறுத்தாலே அது வேர்க்கும், மழை பிடித்தால் குழையும், பாயும் துணியும் காயவே காயாது. சுமைக்கார ஜடையன் தினமும் காலையில் தரையில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்துக் காறித் துப்புவான். அவனுக்கு வயது அறுபது. எழுத்து தெரியாது, ஆனால் அவன் தோளுக்கு எடை தெரியும். மனிதர்களை அவன் நம்புவதில்லை. அவனுடைய அக்கா தேவம்மா அந்த ஈரத்தில் படுத்துப் படுத்து நெஞ்சில் சளி கட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். இதே தரையில் கிடந்தால் ஐப்பசி தாண்டமாட்டாள் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

உப்பு மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டுக் கல் பாவ வேண்டும் என்று ஊரில் பெரிய மனிதர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தானிய மண்டி காளிதாஸ் அதற்குத் தலைவர். வெள்ளிக்கிழமைதோறும் மேளத்தோடு தெருத்தெருவாகப் போய் வசூல் செய்தார்கள். உண்டியைச் சுமந்தவன் ஜடையன். கல் பாவுவார்கள் என்று நம்பி அவன் சுமக்கவில்லை. கூலி கொடுத்தார்கள், சுமந்தான். ஆனாலும் வாரத்துக்கு வாரம் உண்டி கனப்பது தோளுக்குத் தெரிந்தது. அதை அவன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் இந்த எழும்பல் வந்து சேர்ந்தது. காலை வண்டிகளை இறக்கிவிட்டுக் கண் அசந்தவர்கள், அசந்ததும் எழும்பினார்கள். விழித்ததும் மெதுவாக இறங்கினார்கள். ஊர் வந்து பார்த்தது. பிறகு ஊர் யோசித்தது. ஆகாயத்தில் படுப்பவனுக்குத் தரை எதற்கு என்று பூக்காரி லிங்கம்மா தன் கடையில் கேட்டாள், மறுநாள் சங்கத்திலும் அதையே கேட்டார்கள். உண்டியில் விழுவது நின்றது. இருக்கிற பணத்தில் வாசலுக்கு ஒரு வளைவு கட்டலாம், வெளியூர்க்காரர்கள் பார்க்க வருவார்கள் என்று காளிதாஸ் முடிவு செய்தார். ஜடையனும் எழும்பினான். ஆனால் காற்றை நம்பி எப்படிப் படுப்பது? சுமைக் கயிற்றால் இடுப்பைத் தூணில் கட்டிக்கொண்டுதான் எழும்பினான்.

எழும்பாதவள் தேவம்மா ஒருத்திதான். இடிந்த வீட்டிலிருந்து அவள் எடுத்து வந்தது ஒரு அம்மிக் குழவி. அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். எல்லாரும் மேலே கிடக்க, கீழே சேற்றில் அவள் மட்டும் இருமினாள்.

"அந்தக் கல்லை எறக்கி வெச்சுப்போட்டுப் படு அக்கா. நீயும் எழும்பீருவே" என்றான் ஜடையன்.

"ஊட்டுல மிச்சம் இது ஒண்ணுதான்டா. இதையும் உட்டுப்போட்டா, எனக்கொரு ஊடு இருந்துச்சுன்னு எதைக் காட்டுவேன்? நீ அந்தரத்துல தொங்கு. நான் மண்ணுலயே கெடக்கறேன்."

ஜடையன் இரண்டு நாள் யோசித்தான். குழவி ஒரு மணங்கு, அதாவது எட்டு வீசை கனம் என்று தோள் சொன்னது. மண்டியிலிருந்து ஒரு மணங்கு எடைக்கல்லைத் தூக்கி வந்து ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டு படுக்கச் சொன்னான். ஒருவரும் எழும்பவில்லை. அரை வீசை குறைத்துப் பார்த்தான். உடனே எழும்பினார்கள்.

வளைவுக்குப் பணம் கொடுப்பதாகச் சொன்ன தனவந்தர்கள் பன்னிரண்டு பேரைக் காளிதாஸ் பெங்களூரிலிருந்து அழைத்து வந்தார். மத்தியானம் மண்டி ஓய்ந்திருக்கும், எடைக்கற்கள் கடைகளில் சும்மா கிடக்கும். அவற்றை ஜடையன் முன்பே எடுத்து வந்து ஆளுக்கொன்றாகத் தன் கையாலேயே கொடுத்திருந்தான். விருந்தாளிகள் கால் புதையச் சேற்றில் நின்றார்கள். ஜடையனைத் தவிர மற்ற நாற்பது பேரும் சேற்றில் கிடந்தார்கள். நேரம் போயிற்று. தேவம்மாவின் இருமலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"என்னப்பா ஜடையா, மேலே போகச் சொல்லு" என்றார் காளிதாஸ் தாழ்ந்த குரலில்.

"சொன்னாப் போறதுக்கு வண்டி மாடுங்களா எசமான்?"

"அந்தக் கல்லையாவது கீழே போடச் சொல்லப்பா."

"போடறோமுங்க. போடறதுக்கு ஒரு தரை வேணுமுங்களே."

அந்தச் சமயத்தில், கடைசியாகக் கண் அசந்த மூன்று பேர் மட்டும், மல்லப்பன், மாதம்மா, ஏசுதாஸ், கட்டிப்பிடித்த கல்லோடு அசையாமல் எழும்பினார்கள். விருந்தாளிகளில் ஒருவர் பெரிய தானிய வியாபாரி. காளிதாஸிடம் பத்து வருஷமாக வாங்குபவர். அவர் குனிந்து, எழும்பிய கற்களையும் எழும்பாத கற்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரு மணங்கு என்றே வெட்டியிருந்தது. எழும்பிய மூன்றிலும் காளிதாஸ் கடை முத்திரை இருந்தது. பத்து வருஷமாக அந்தக் கல்லில் நிறுத்து வாங்கியவர் காளிதாஸைப் பார்த்துச் சிரித்தார். தரைக்கு ஆகும் செலவு முழுவதும் தன்னுடையது, உண்டிப் பணத்தில் கூரை ஓடு மாற்றலாம் என்று காளிதாஸ் அங்கேயே, சேற்றில் நின்றபடியே அறிவித்தார். விருந்தாளிகளும் கொடுத்தார்கள். உப்புச் சேறு பட்ட கால் அவர்களுக்கு அரிக்கத் தொடங்கியிருந்தது. அந்த மூன்று கற்களை அந்த மூவருக்கு ஏன் கொடுத்தாய் என்று ஜடையனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தனக்குப் படிக்கத் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பான்.

புரட்டாசி முடிவதற்குள் இடுப்பளவு மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டுக் கல் பாவினார்கள். வாசலில் காளிதாஸ் பேரை வெட்டினார்கள். தேவம்மா குழவியோடு காய்ந்த கல்லில் படுத்தாள், ஐப்பசி தாண்டினாள், அடுத்த ஐப்பசியும் தாண்டினாள். மற்றவர்கள் மத்தியானமானால் வழக்கம்போல எழும்பினார்கள். பார்க்க ஒருவரும் வரவில்லை. வேலையாக உள்ளே வந்தவர்கள் முழங்காலில் இடிக்காமல் ஒதுங்கிப் போனார்கள்.

ஜடையன் மட்டும் தினமும் காலையில் புதுக் கல்லில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தான். கரிக்கவில்லை.

"உப்பில்லீல்ல? இன்னும் என்னத்துக்குடா நக்கறே?" என்றாள் தேவம்மா.

"இன்னிக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு, தூணிலிருந்து கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்கு நடந்தான்.